எலுமிச்சையும் வாழைப்பழமும்

கோவில்பட்டிக்கு அருகே ஒரு கரிசற்காட்டுச் சிற்றூரில், உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அடுத்த வீட்டு அம்மையார் ஒருவர், தம் மருமகளின் ஸ்கேன் அறிக்கையுடன் வந்தார். "வாத்தியாரையா, பிள்ளை தலை எலுமிச்சம்பழம் மாதிரி இருக்காம். திருநெல்வேலிக்குப் போய் மறுபடியும் பார்க்கச் சொல்லுறாங்க. தலையிலே கோளாறா?" என்று கேட்டார். நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் உயிரியல் கற்பிப்பவன். ஆயினும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதையே சற்று விரிவாக உங்களுக்கும் கூறுகிறேன்.

எலுமிச்சை வடிவம் தலையில் தோன்றினாலும், மருத்துவர் ஐயுறுவது முதுகைப் பற்றித்தான். கரு உருவான நான்கு வாரத்திற்குள், தட்டையான ஓர் ஏடு சுருண்டு குழாயாகி மூடிக்கொள்கிறது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்தே வளர்கின்றன. குழாயின் கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முதுகெலும்பில் பிளவு நிற்கும். குழந்தையின் கால்கள் செயலிழக்கவும் கூடும். அப்பிளவோ சிறியது; திரையில் எளிதில் தப்பிவிடும். ஆனால் அதன் வழியே மூளைநீர் கசிவதால் மண்டைக்குள் அழுத்தம் குறைகிறது. மூளை கீழ்நோக்கி இழுபடுகிறது. நெற்றியின் இருபுறமும் இளம் எலும்பு உள்வாங்க, தலையின் குறுக்குத்தோற்றம் எலுமிச்சை போலாகிறது. பின்னாலுள்ள சிறுமூளை வாழைப்பழம் போல் வளைகிறது. 1986-இல் லண்டனில் நிக்கோலைடிஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் இவ்விரண்டையும் எடுத்துக் காட்டினர். முதுகின் குறையைத் தலையில் காண்பது விந்தையன்றோ!

இவை அடையாளங்களே, நோயல்ல. குறையற்ற கருவிலும் நூற்றில் ஒன்றளவுக்கு எலுமிச்சைத் தோற்றம் காணப்படுவதுண்டு. குறையுள்ள கருவிலும் இருபத்துநான்கு வாரத்திற்குப் பின் அது பெரும்பாலும் மறைந்துவிடும். வாழைப்பழ அடையாளமே மிகுந்த நம்பிக்கைக்குரியது. ஆகவே பதினெட்டு முதல் இருபதாம் வாரத்திற்குள் பார்த்தல் நன்று.

இரத்தத்திலும் ஓர் அடையாளம் உண்டு. பிளவின் வழியே ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் பனிக்குட நீரில் கசிகிறது என்பதை 1972-இல் எடின்பரோவில் பிராக், சட்கிளிஃப் இருவரும் கண்டனர். பின்னர் அது தாயின் இரத்தத்திலேயே அளக்கப்பட்டது. ஆனால் இரட்டைக் குழந்தை என்றாலும், வாரக்கணக்குப் பிசகினாலும் அளவு கூடுதலாகத் தோன்றும். நம் ஊர்களில் கணக்கு எப்படி? "செண்பகவல்லியம்மன் கோவில் பங்குனித் திருவிழாவுக்கு முன்னாலேயா, பின்னாலேயா" என்று நினைவுகூர்வோர் இன்றும் உளர். முதல் மூன்று மாதத்திற்குள் ஸ்கேன் எடுத்தால், கருவின் நீளத்தைக் கொண்டே கணக்கைத் திருத்திவிடலாம்.

குறை உறுதியானால், அறுவை மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனையில் பிரசவத்திற்கு ஏற்பாடு செய்து, பிறந்த சில நாட்களுக்குள் பிளவை மூடலாம். கடுமையான குறையாயின் கருவைக் கலைப்பது பற்றி, 2021-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, இருபத்துநான்கு வாரம் கடந்த பின்னும் மருத்துவக் குழு முடிவு கூறலாம். அம்முடிவின் பாரம் எத்தகையது என்பதைப் பெற்றோரே அறிவர்.

இக்குறையைப் பெருமளவு தடுக்கும் பொருளின் வரலாறு ஆலைத் தொழிலாளரிடம் தொடங்கியது. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் அம்மையார், பஞ்சாலைப் பெண்களின் பேறுகாலச் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு அதனைத் தீர்ப்பதைக் கண்டார். அதிலிருந்த சத்தே ஃபோலிக் அமிலம். முன்பு இக்குறையுள்ள கருவைச் சுமந்த தாய்மார் அதனை உண்டபோது, குறை மீண்டும் வருவது நூற்றுக்கு எழுபதுக்கு மேல் குறைந்ததாக 1991-இல் வெளிவந்த பெரிய சோதனை காட்டியது. பாசிப்பயற்றிலும் கடலையிலும் இச்சத்து உண்டு. அவை மட்டும் போதா. மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். நாள் தள்ளிப்போனதை உணர்வதற்குள் குழாய் மூடும் காலம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறதே!

இதற்கு அம்மையாருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பவர் அவர்.

மருமகள் திருநெல்வேலிக்குச் சென்றுவந்தார். சிறுமூளை இயல்பாகவே இருந்தது, முதுகிலும் பிளவில்லை. செய்தி சொல்ல வந்த அம்மையார், "சின்னவளுக்குத் தையிலே கலியாணம். மாத்திரையை எப்ப ஆரம்பிக்கட்டும்?" என்றார்.

"மார்கழியிலேயே டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்குங்கள்" என்றேன்.