எண்பதுக்கு மேல் ஏன் மெதுவாகிறது?

ஏ9 வீதியில், வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் நடுவே உள்ள கனகராயன்குளத்தில் வீட்டு மின்சாரத்திலேயே கார் ஓட்ட முடியுமா? முடியும். 230 வோல்ட், 10 அம்பியர் என்றால் 2.3 கிலோவாட். பழைய நிசான் லீஃபின் 24 அலகு பற்றறி ஓர் இரவில் ஏறக்குறைய நிறைந்துவிடும். 60 அலகுள்ள பிவைடி அட்டோ 3க்கு ஒரு நாளுக்கும் மேலாகும். ஆனால் தினமும் முழுதாகக் காலியாக்குகிறவர் யார்?

நெடும்பயணம்தான் சிக்கல். 24 அலகு லீஃப் புதிதிலேயே 135 கிலோமீற்றர் அளவில்தான் ஓடும். அதன் பற்றறியைத் திரவம் சுற்றிக் குளிர்விப்பதில்லை. வன்னி வெயில் அதன் ஆயுளைத் தின்னும்.

வழியில் வேகச் சார்ஜர் கிடைத்தாலும் 80 சதவீதத்துக்குப் பின் வேகம் குறையும். லிதியம் அயன்கள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்து அமரவேண்டும். நிறைந்த பஸ்ஸில் இருக்கை தேடுவதுபோல் பிந்தியவற்றுக்கு நேரமெடுக்கும். அவசரப்படுத்தினால் உள்ளே போகாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்து பற்றறியைக் கெடுக்கும். அதனால் காரே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது.

வவுனியாவரை போய்வர லீஃப் போதும். கொழும்புக்கு அடிக்கடி ஓடுகிறவர் பெரிய பற்றறியே பார்க்கட்டும். பழைய லீஃப் வாங்குவதானால், பற்றறிக் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் எத்தனை மிச்சம் என்று முதலில் எண்ணுங்கள்.