பாட்டு சிடி விற்றவரும் குண்டர்தான்

கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் விற்பவர், ரவுடி. இவர்களையெல்லாம் விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கத் தமிழ்நாட்டில் 1982-ல் வந்ததுதான் குண்டர் சட்டம். 2004-ல் ஜெயலலிதா ஆட்சியில் அந்த வரிசையில் திருட்டு விசிடி விற்பவரையும் சேர்த்தார்கள். சட்டத்தில் அவருக்குப் பெயர் 'வீடியோ பைரேட்'. ஆனால் விளக்கத்தைப் படித்தால் சினிமாப் பாட்டுப் பதிவும் அதற்குள் வருகிறது.

அப்போது நான் சென்னையில் இன்ஜினியரிங் மாணவன். பீச் ஸ்டேஷன் பக்கத்தில் பர்மா பஜார். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் 1960களின் கடைசியில் பிழைப்புக்காகக் கடை போட்ட இடம். எம்பி3 சிடி முப்பது ரூபாய், பேசினால் இருபது. கணக்குப் போட்டுப் பாருங்க: 700 எம்பி சிடியில், 128 கேபிபிஎஸ் என்றால், சுமார் 12 மணி நேரப் பாட்டு. கம்பெனி ஆடியோ சிடியில் 80 நிமிஷத்துக்கு மேல் ஏறாது. ஹாஸ்டல் பையன் எதை வாங்குவான்?

நடைபாதையில் விற்றவர் தார்ப்பாய் விரித்திருப்பார். யாராவது "வர்றாங்கடா" என்றால் நாலு முனையும் ஒரே கையில் சேரும், ஆள் மாயம். மாட்டினால் அவருக்கு ஓராண்டு. வாங்கின எனக்கு ஒண்ணும் இல்லை.

2010-ல் வேலைக்காக லண்டன் வந்து பிளேஸ்டோவில் வீடு எடுத்தேன். டிஸ்ட்ரிக்ட் லைனில் இரண்டே ஸ்டேஷன் தள்ளி ஈஸ்ட் ஹாம். அங்கே ஒரு மளிகைக் கடையில், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் அதே மாதிரி சிடி! "ஒரிஜினல் இருக்காண்ணா?" என்றேன். "அது ஓடர் குடுத்துத்தான் எடுக்க வேணும் தம்பி. இதைக் கொண்டுபோய்க் கேளுங்கோ, பாட்டு ஒண்டுதானே" என்றார் யாழ்ப்பாணத்து அண்ணன். வாங்கிவிட்டேன்.

பிரிட்டனிலும் சட்டம் கடுமைதான். திருட்டு சிடிக்கு அதிகபட்சத் தண்டனையை 2002-ல் இரண்டு ஆண்டிலிருந்து பத்து ஆண்டாக உயர்த்தினார்கள். 2007 ஏப்ரலிலிருந்து கவுன்சிலின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் ஆட்களே கடைக்குள் வந்து பறிமுதல் செய்யலாம். ஆனாலும் இங்கே சிறைக்கு அனுப்ப வேண்டுமென்றால் கோர்ட்டில் குற்றத்தை நிரூபித்தாக வேண்டும். ஊரில் கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டாலே போதும். எனக்கு உறுத்துவது அதுதான்.

திருட்டை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரிஜினல் மட்டும் விற்ற சின்னக் கேசட் கடைக்காரர்கள் இதனால் நொடிந்துபோனார்கள். ஆனால் கலைஞர் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று சொன்னார்களே, அந்தக் கலைஞருக்கு ஒரிஜினலிலிருந்து என்ன போய்ச் சேர்ந்தது? பல ஒப்பந்தங்களில் மொத்த உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது என்று ஆனது 2012 காப்புரிமைத் திருத்தத்தில்தான். நடைபாதைக்காரருக்குக் குண்டர் சட்டம் வந்து எட்டு வருஷம் கழித்து.

கடைசியில் அந்த வியாபாரத்தை முடித்துவைத்தது செல்போன். ஈஸ்ட் ஹாம் கடையில் சிடி இருந்த இடத்தில் இப்போது சிம் கார்டு. போன முறை ஊருக்குப் போனபோது பர்மா பஜார் பக்கம் நடந்தேன். பழைய நடைபாதைக்காரர் உட்கார்ந்த இடத்தில் ஒரு பையன் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தான்.

"இங்க சிடி விப்பாரே, அவர் எங்கப்பா?"

"சிடியா? தெரியலையே சார். டெம்பர் கிளாஸ் ஒட்டணுமா?"