தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் இந்தான் வரை: கைவிடப்பட்ட துறையும் பொதுவெளியும்

மலாயாவின் முதல் நான்கு இருப்புப்பாதைகளும் ஈயம் விளைந்த உள்நாட்டைக் கப்பல்துறையோடு இணைக்கும் நோக்கில் எழுந்தவை. தைப்பிங்–போர்ட் வெல்ட் (1885), கோலாலம்பூர்–கிள்ளான் (1886), சிரம்பான்–போர்ட் டிக்சன் (1891) ஆகியவற்றையடுத்து, 1893ஆம் ஆண்டில் தாப்பா ரோட்டுக்கும் தெலுக் ஆன்சனுக்கும் இடையிலான பாதை திறக்கப்பட்டது. தெலுக் ஆன்சன் என்பது இன்றைய தெலுக் இந்தான். பெயர் மாற்றம் 1982இல் நிகழ்ந்தது. 1903இல் பிறை முதல் சிரம்பான் வரை நெடும்பாதை இணைந்தபின் சரக்குகள் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் திரும்பின. பேராக் ஆற்றுத்துறை தன் முதன்மையை இழந்தது. தாப்பா ரோட்டில் இன்றும் தொடர்வண்டி நிற்கிறது. துறைக்குச் செல்லும் கிளைப்பாதைதான் இல்லை.

இத்தகைய இடங்களைப் பொதுவெளியாக்கும்போது எவருடைய நினைவு அங்கு நிலைபெறுகிறது என்பதே நம் துறையினர் எழுப்ப வேண்டிய வினாவாகும். தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம் 1885இல் நீர்த்தொட்டியைத் தாங்குவதற்காக எழுப்பப்பட்டது. தொட்டியின் பயன் ஓய்ந்த பின்னரும் கோபுரம் இடிக்கப்படவில்லை. அதன் அடியிலுள்ள சதுக்கத்தில் ஊர் மக்கள் மாலையில் கட்டணமின்றி அமர்கின்றனர். இதற்கு நேர்மாறானது சிங்கப்பூரின் கிளிஃபோர்ட் துறை. 1933இல் திறக்கப்பட்டு 2006இல் பணி ஓய்ந்த அத்துறையின் மண்டபம் பின்னர் விடுதியொன்றின் உணவகமாயிற்று. கட்டடம் காக்கப்பட்டது, அதன் வாயில் எல்லோருக்குமானதாக இல்லை. அதே நகரில், 2011இல் வண்டிகள் நின்றுபோன 24 கிலோமீட்டர் இருப்புப்பாதை நடைவழியாக்கப்பட்டிருப்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஆற்றங்கரைக்கெனத் தமிழரிடம் பழகிய வடிவம் ஒன்றுண்டு: படித்துறை. நீர் ஏறினாலும் இறங்கினாலும் ஏதேனும் ஒரு படி பயன்படும். கடலேற்றம் எட்டும் பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு, செங்குத்தான கற்காரைச் சுவரைவிட இதுவே பொருந்தும் என்பது என் கருத்து. நிழல்மரங்களும் இருக்கைகளும் இன்றி அலங்கார விளக்குகளை மட்டும் நடுவதால் எவரும் அங்குத் தங்கப்போவதில்லை.

போர்ட் வெல்ட், அதாவது இன்றைய கோலா செபெத்தாங், இதனினும் எளிய பாடத்தைத் தருகிறது. நிலையத்தில் பெரிதாக எதுவும் எஞ்சவில்லை, பெயர்ப்பலகை எஞ்சியுள்ளது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்ட பலகை அது. தண்டவாளத்தில் உழைத்தவர்களும் அதில் பயணம் செய்தவர்களும் யாவர் என்பதற்கு அது பொதுவெளியிலேயே நிற்கும் ஆவணம்.

தாப்பாக் கிளைப்பாதைக்கும் இத்தகைய எழுத்து வேண்டும். மாவட்டத்துத் தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு முதியோர் நினைவுகளைத் திரட்டலாம். இருப்புப்பாதையைக் 'கம்பிச்சடக்கு' என்று வழங்கியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். விளக்கப்பலகையின் தமிழ்ப்பகுதியில் அச்சொல்லே இடம்பெறலாம்; மொழிபெயர்ப்பு அலுவலகத்திலிருந்து வரும் சொல் அங்குத் தேவையில்லை.