அபூ உமைரின் குருவி: ஆட்டிசக் குழந்தையும் உடன்பிறப்புகளும்

நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்குத் தாய்வழியில் ஒரு தம்பி இருந்தார். பால்குடி மறந்த பருவம். அபூ உமைர் என்று அழைப்பார்கள். சிட்டுக்குருவியை ஒத்த சிறு பறவையொன்று அவருக்கு விளையாட்டுத் துணையாக இருந்தது. அரபியில் அதனை ‘நுகைர்’ என்பர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவ்வீட்டுக்கு வரும்போது அக்குழந்தையைப் பெயர் சொல்லி விளித்து, குருவி என்ன ஆயிற்று என்று விசாரிப்பார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெறும் இச்செய்தியை நமக்கு அறிவித்தவர், அக்குழந்தையின் அண்ணனான அனஸ் (ரலி) அவர்களே.

ஹதீஸ் அறிஞர்கள் பயனற்ற செய்திகளையும் அறிவிக்கின்றனர் என்று குறைகூறிய சிலர், இந்த நபிமொழியையே அதற்குச் சான்றாகக் காட்டினர். ஹிஜ்ரி 335-இல் மறைந்த ஷாஃபிஈ சட்ட மேதை இப்னுல் காஸ், இச்சிறு செய்தியிலிருந்து அறுபது பயன்களை எடுத்துக்காட்டித் தனி நூலே இயற்றினார். அதன் சாரத்தை இமாம் இப்னு ஹஜர் தமது ஃபத்ஹுல் பாரியில் தந்துள்ளார்கள். பல்லாண்டுகள் இந்த நபிமொழியைப் பாடமாக நடத்திய எனக்கு, அந்த அறுபதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது இராயபுரத்தில் ஒரு வீட்டில்தான்.

ஒரே அறையும் சமையற்கட்டும் கொண்ட வீடு. தந்தை துறைமுகத்தைச் சார்ந்த சரக்கு நிறுவனமொன்றில் பணியாற்றுகிறார். பத்து வயதில் ஒரு மகள், ஆறு வயதில் ஒரு மகன். மகனுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர்கள் கூறி ஈராண்டுகள் ஆகியிருந்தன. அவன் சுவரோரம் அமர்ந்து சோடா மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். தெருமுனையில் கன்டெய்னர் லாரி ஒலியெழுப்பியதும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறினான். அடங்கியபின் மீண்டும் மூடிகள். அச்சிறுமி என்னருகே வந்து, “ஹஜ்ரத், தம்பிக்கு என்னைப் பிடிக்காதா? கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறானே” என்றாள். நான் விடை தேடுவதற்குள் தந்தை முந்திக்கொண்டார்: “நீதானேம்மா பெரியவள், விட்டுக்கொடு.” அவள் கேட்டாள்: “எப்பவும் நான்தானா அத்தா?”

இத்தகைய இல்லங்களில் பெற்றோரின் உழைப்பு, உறக்கம், பொருள் அனைத்தும் ஒரு குழந்தையின் சிகிச்சையைச் சுற்றியே செலவாகின்றன. மற்றக் குழந்தைக்கு எஞ்சுபவை இரண்டே கட்டளைகள்: ‘விட்டுக்கொடு’, ‘பார்த்துக்கொள்’. அவனோடு எப்படி விளையாடுவது என்பதை மட்டும் யாரும் அவளுக்குக் கற்றுத் தருவதில்லை. உடன்பிறந்தாளைக் காப்பாளராக்க விரைகிறோம். உடன்பிறந்தாளாக இருக்க உதவ மறந்துவிடுகிறோம்.

முதலில் உண்மையைச் சொல்லுங்கள்

ஆட்டிசம் என்பது மூளையின் வளர்ச்சிப் போக்கில் பிறவியிலேயே அமையும் ஒரு வேறுபாடு. தமிழில் மதியிறுக்கம் என்கின்றனர். பிறரோடு பேசிப் பழகும் முறை, ஒரே செயலில் திரும்பத் திரும்ப ஈடுபடுதல், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை அளவுக்கு மிஞ்சியோ குறைந்தோ உணர்தல் ஆகியவற்றில் அது வெளிப்படும். 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கன்னர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து இதனை வரையறுத்தார். தாயின் அன்புக் குறைவே காரணம் என்றொரு கொடிய பழி பின்னர் பல காலம் உலவியது. ஆட்டிசக் குழந்தை ஒன்றின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாந்து 1964-இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்தார். 1977-இல் வெளியான இரட்டையர் ஆய்வு, மரபுக்கூறே இதில் பெரும் பங்கு வகிப்பதைக் காட்டியது. தடுப்பூசியால் வருகிறது என்ற ஐயத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதனை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஆகவே இது கண்ணேறும் அன்று, ஜின்னின் தீண்டலும் அன்று, பெற்றோரின் பாவத்துக்குத் தண்டனையும் அன்று. வீட்டுக்கு வரும் உறவினர்கள் இவற்றைக் கிசுகிசுக்கும்போது முதலில் கேட்பவை பிள்ளைகளின் காதுகள்தாம். உண்மையை நாம் சொல்லாவிடில் அக்குழந்தை தானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்ளும். பெரும்பாலும் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும்.

ஐந்து வயதுக் குழந்தைக்குச் சில வாக்கியங்கள் போதும்: “தம்பிக்குப் பேச்சு மெதுவாக வரும். சத்தம் அவனுக்கு வலிக்கும். இது உன்னால் வந்ததில்லை. உனக்கு ஒட்டிக்கொள்ளவும் செய்யாது.” பத்து வயதில் ஆட்டிசம் என்ற பெயரையே சொல்லலாம். நண்பர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதையும் ஒத்திகை பார்த்து வைக்கலாம். ஒருமுறை சொல்லி முடிகிற காரியமன்று இது. குழந்தை வளர வளர விளக்கமும் வளர வேண்டும்.

விளையாடக் கற்றுக்கொடுங்கள்

உடன்பிறப்புகளுக்கு முறையாகப் பயிற்சி தரலாம் என்பது ஆய்வில் கண்ட உண்மை. 1983-இல் லாரா ஷ்ரீப்மேனும் அவருடைய தோழர்களும் மூன்று இணை உடன்பிறப்புகளிடம் இதனைச் செய்து பார்த்தனர். சிறுவர்களே கற்பிக்கும் முறைகளைத் திறம்படக் கற்றனர். ஆட்டிசக் குழந்தைகளிடமும் முன்னேற்றம் தென்பட்டது. 1993-இல் செலிபர்ட்டியும் சாண்ட்ரா ஹாரிஸும் விளையாட்டையே மையமாக்கி இத்தகைய பயிற்சியை அளித்தனர்.

அம்முறைகள் எளியவை. தொலைவிலிருந்து கத்தாமல் அருகே சென்று, அவன் பார்வைக்கு நேராக அமர்ந்து பெயர் சொல்லி அழைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே சொல், ஒரே வேண்டுகோள்: “பந்து கொடு.” சொன்னபின் காத்திருக்க வேண்டும், பத்து வரை மனத்துக்குள் எண்ணலாம். பதில் வராவிடில் கையசைத்தோ செய்து காட்டியோ உதவலாம். அவன் செய்துவிட்டால் அக்கணமே மகிழ்ச்சியைக் காட்ட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். இருவரும் களைப்பதற்கு முன்பே ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலானது, அவனுடைய ஈடுபாட்டிலிருந்தே தொடங்குவது. அண்ணலார் (ஸல்) அவர்கள் தமது பேச்சுக்கு அக்குழந்தையை இழுக்கவில்லை. அதன் குருவியைப் பற்றிப் பேசினார்கள். அபூ உமைர் இயல்பான குழந்தையே. ஆயினும் குழந்தையின் உலகுக்குள் நுழையும் வாசல் அதன் விருப்பத்தில் இருக்கிறது என்ற அந்த நபிவழி எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். சோடா மூடி அடுக்குபவனுக்கு அதுதான் குருவி. அச்சிறுமியிடம், “அவன் வரிசையைக் கலைக்காதே, கடைசியில் நீ ஒன்றை மட்டும் வைத்துவிட்டுக் காத்திரு” என்றேன். வேறொருவனுக்கு மின்விசிறியின் சுழற்சி குருவியாக இருக்கலாம். இன்னொருவனுக்கு இராயபுரம் நிலையத்தைக் கடக்கும் இரயில்.

அவன் அடித்தாலோ கடித்தாலோ விலகிச் சென்று பெரியவரை அழைக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுங்கள். அவனைப் பிடித்து அடக்குவது சிறு பிள்ளையின் வேலையன்று. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இரவு பகலாகச் சரக்கு வண்டிகள் ஓடும் சாலையோர வீடுகளில் ஓசையைத் தவிர்க்க இயலாது. திரையிட்ட ஒரு மூலையும், காதுகளை மூடும் உறையும் அவனுக்கு. கைக்கெட்டாத உயரத்தில் ஓர் அலமாரித் தட்டு அவளுக்கு. தன் வீட்டுப்பாட ஏடு கிழிபடாது என்ற உறுதி இருந்தால்தான் அவளுடைய அன்புக்கும் இடம் கிடைக்கும்.

நீதி செலுத்துங்கள்

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர்தம் தந்தை ஓர் அன்பளிப்பு வழங்கி, நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க விரும்பினார். மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று வினவிய அண்ணலார், இல்லை என அறிந்ததும் சாட்சியாக மறுத்து, பிள்ளைகளிடையே நீதி பேணுமாறு பணித்தார்கள். நோய், பார்வையின்மை போன்ற தேவைகளுக்காக ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுப்பதை அறிஞர் இப்னு குதாமா தமது அல்முஃக்னியில் அனுமதிக்கிறார்கள். எனவே ஆட்டிசக் குழந்தைக்குக் கூடுதலாகச் செலவிடுவது அநீதியன்று. ஆனால் பொருளில் கூடுதல் தேவைப்படுவது, முகமலர்ச்சியில் மற்றவரைக் குறைப்பதற்கு நியாயமாகாது. தந்தையின் அன்பு தம்மைவிட ஒருவருக்கு மிகுதி என்ற எண்ணம் சகோதரர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு யூசுஃப் அத்தியாயம் சாட்சி. அங்கே யஃகூப் (அலை) அவர்களிடம் குறையில்லை; பிள்ளைகளின் எண்ணமே கிணறு வரை சென்றது.

நாள்தோறும் கால்மணி நேரம் அவளுக்கு மட்டும் உரியதாகட்டும். அஸருக்குப் பின் காசிமேடு வரை தந்தையோடு ஒரு நடை. அப்போது தம்பியைப் பற்றிய பேச்சே வேண்டாம். “அவனைக் கண்டாலே எரிச்சலாக இருக்கிறது” என்று அவள் சொன்னால் உடனே ‘பாவம்’ என்று அதட்டாதீர்கள். எரிச்சல் மனிதரின் இயல்பு. அதனை வீட்டில் சொல்ல முடிகிறவள் அதன் பிடியிலிருந்து எளிதில் விடுபடுவாள். இத்தகைய உடன்பிறப்புகள் ஒன்றுகூடி விளையாடவும் மனம் திறக்கவும் அமெரிக்காவில் டான் மேயர் 1980-களில் கூட்டங்களைத் தொடங்கினார். நம் மஹல்லாப் பள்ளிகளின் கூடங்களில் மாதம் ஒருமுறை இதனை நடத்தப் பெருஞ்செலவு ஆகாது.

எதிர்காலச் சுமை

‘எங்களுக்குப் பின் நீதான் அவனுக்கு’ என்று பத்து வயதுக் குழந்தையிடம் சொல்லும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். ஃபிக்ஹ் நூல்கள் இதில் நிதானத்தைக் கற்பிக்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் சொத்துக் காப்பாளர் முறை தந்தை, பாட்டனார், அவர்கள் நியமித்த வஸீ, காழீ என்று செல்கிறது. உடன்பிறப்பு என்பதாலேயே யாரும் காப்பாளராகிவிடுவதில்லை. ஜீவனாம்சக் கடமையும் அம்மத்ஹபில் மேல், கீழ்த் தலைமுறைகளோடு நிற்கிறது. உழைக்க இயலாத ஏழைச் சகோதரனை வசதியுள்ள சகோதரன் தாங்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. எவ்வாறாயினும் அது வளர்ந்தவரின் கடமையே தவிரக் குழந்தையின் கடமையன்று.

ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள் பெற்றோர். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றுள்ளது. பதினெட்டு வயது நிறைந்தவருக்கு, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவின் வழியே சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க அது வழிசெய்கிறது. அதன் ‘நிராமயா’ திட்டம் ஆண்டுக்கு ஒரு இலட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனிவகையாக ஏற்றுள்ளது. 2005-இல் முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவிய பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் வடசென்னையிலிருந்து நகரின் மறுகோடியில் இருப்பினும், ஒருமுறையேனும் சென்றுவரத் தக்கது. இளைய குழந்தை இருந்தால் அதன் வளர்ச்சியையும் கவனியுங்கள். ஆட்டிசம் உள்ளவரின் இளைய உடன்பிறப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேருக்கு அது காணப்பட்டதாக 2011-ஆம் ஆண்டின் ஆய்வொன்று கூறுகிறது.

சமுதாயத்தின் பங்கு

மனநிலையில் குறையிருந்த ஒரு பெண்மணி, நபி (ஸல்) அவர்களிடம் தமக்கொரு தேவை இருப்பதாகக் கூறினார். மதீனாவின் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று கேட்பதாகச் சொல்லி, அவருடைய தேவை முடியும் வரை அண்ணலார் உடன் நின்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. பள்ளிவாசலில் ஓர் ஆட்டிசக் குழந்தை குரலெழுப்பும்போது திரும்பி முறைக்கும் நாம், அருகே தலைகுனிந்து நிற்கும் அதன் அக்காவையோ அண்ணனையோ எண்ணிப் பார்ப்பதில்லை. தம் உடன்பிறப்பைக் குறித்து வெட்கப்பட அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவை நம் கண்களே.

சில மாதங்களுக்குப் பின் அவ்வீட்டுக்கு மீண்டும் சென்றேன். முதலில் அவள் வைத்த மூடியைத் தம்பி எடுத்து வீசினானாம். பல நாள் அவ்வாறே. பின்னர் ஒருநாள் வீசாமல் விட்டுவிட்டான். நான் சென்ற அன்று, தன் வரிசை முடிந்ததும் ஒரு மூடியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்; முகத்தை நிமிர்த்தவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை. அவளோ என்னைப் பார்த்துச் சிரித்தாள். தன் கேள்விக்கான விடை அவளுக்குக் கிடைத்துவிட்டது.

மூஸா (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சு அவிழ வேண்டிய வேளையில், துணையாகச் சகோதரரையே இறைவனிடம் கேட்டார்கள். நம் பிள்ளைகளையும் ஒருவருக்கொருவர் வலிமையாக்கி, அவர்களிடையே நீதி செலுத்தும் உள்ளத்தை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.