மோட்டார் வண்டியின் நரம்பு நோய்

மோட்டார் வண்டிக்கும் ஒரு மூளை உண்டு. 1967ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தார், எரிபொருளை அளந்தூட்டும் மின்னணுச் சாதனமொன்றை ஃபொக்ஸ்வாகன் 1600 வண்டியில் அமைத்தனர். அதன் வழிவந்த சிறு கணினியே இன்று பெரும்பாலான கார்களை ஆளுகின்றது. அம்மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்புகளாகிய வயர்களைப் பற்றி நாமும் அண்மைவரை எண்ணிப் பார்த்ததில்லை.

எமது கார் 1996ஆம் ஆண்டில் யப்பானிற் செய்யப்பட்டது. சென்ற மாரிக்குப் பின்னர் அது பெற்றோலை இருமடங்காகக் குடித்தது, கரும்புகை கக்கிற்று, சூடேறியதும் சந்திகளில் நின்றுவிட்டது. பட்டினத்துப் பணிமனை ஒன்றிற் கணினியையே மாற்றவேண்டுமெனக் கூறி, எமது இரண்டு மாதச் சம்பளத்தை விலையாகக் கேட்டனர். மகளின் படிப்புக்கென வைத்த பணத்திற் கைவைக்க இல்லாள் இசையவில்லை. அதுவே எம்மைக் காத்தது.

மோட்டார் மின்வேலை செய்யும் பழைய மாணாக்கர் ஒருவரை நாடினோம். (ஓமின் விதியை நாம் கற்பித்த நாளில் அவர் கடைசி வாங்கில் உறங்கியதை இங்கே சொல்லாது விடுவதே முறை.) "மூளையை மாத்த முதல் நரம்பைப் பாத்தவையே, சேர்?" என்றார் அவர்.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அறிய ஓர் உணரி உண்டு. சூடு ஏற ஏற அதன் தடை இறங்கும். காலையில் ஏறத்தாழ 2,000 ஓமாக இருந்த தடை, எஞ்சின் நன்கு சூடேறியதும் 300 ஓமளவிற்கு இறங்கிற்று. உணரியிற் பிழையில்லை. பின்னர் கணினியிலிருந்து இணைப்பியைக் கழற்றி, அவ்வுணரிக்குரிய பின்களில் அளந்தார். மானி 2,000 ஓமைத் தாண்டிற்று! எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, கணினியோ அது குளிர்ந்து கிடப்பதாக நம்பிப் பெற்றோலை வாரி வழங்கியிருக்கின்றது. முன்கண்ணாடியின் விளிம்பால் ஒழுகிய மழைநீர் இணைப்பியினுட் புகுந்து, ஒரு பின்னிற் பச்சைக் களிம்பேற்றி, உறைக்குள்ளேயே செப்புக் கம்பியை நாலு அங்குலம் கறுப்பித்திருந்தது.

பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டே அவர் வேலையைத் தொடங்கினார். பின்னின் இட எண்ணைக் குறித்துக்கொண்டு, அதனைப் பிடித்திருக்கும் சிறு நாக்கை மெல்லிய கருவியால் அழுத்தி, வயரோடு பின்புறமாக உருவினார். செம்பு பளபளக்கும் இடம்வரை வெட்டி, அதே பருமனுள்ள புதுவயரைக் குழலிட்டு நெரித்து இணைத்து, சூட்டிற் சுருங்கும் உறையால் மூடினார். புதுப் பின்னில் இரு சோடிச் சிறகுகள் உண்டு. ஒரு சோடி வெறுங் கம்பியைப் பற்றும்; மற்றையது உறையைப் பற்றி, இழுவிசை கம்பியைத் தாக்காது காக்கும். இரண்டையும் அதற்குரிய குறட்டாலேயே நெரிக்கவேண்டுமாம். ஈயம் பற்றவைத்தாலென்ன என வினவினோம்.

"ஈயம் ஊறின இடம் விறைச்சுப்போம், சேர். எஞ்சின் அதிரேக்கை அதுக்குப் பக்கத்திலை முறியும்."

வயரின் உறையை ஊசியாற் குத்திச் சோதிப்பதையும் அவர் ஒப்பவில்லை. அத்துளை வழியே நீர் புகும். தடித்த சோதனைமுனையைப் பின்னுக்குள் திணித்தால் அதன் வாய் அகன்று, பிடி தளரும். எமது பணிமனைக்காரர் இவ்விரண்டையும் தாராளமாகச் செய்திருந்தனர்.

வயரை மெல்ல இழுத்துப் பார்த்து, மீண்டும் அளந்தார். மானி 300 ஓமை அண்டியே நின்றது. கண்ணாடி விளிம்பின் ஒழுக்கை அடைத்த பின்னரே இணைப்பியைப் பூட்டினார். களிம்பேறிய பழைய பின்னை நாம் கேட்டு வாங்கி வந்தோம். தடை பற்றிய பாடத்தின்போது அது இப்பொழுது கடைசி வாங்குவரை கைமாறிச் செல்கின்றது.