கிறுக்கிய கைகளிலேயே தூரிகை: பிலடெல்பியா கண்ட வழி

சுவரோவியங்களைப் பார்ப்பதற்கென்றே பயணிகள் போகும் ஊர், அமெரிக்காவின் பிலடெல்பியா. கடந்த நாற்பது ஆண்டுகளில் 4,000-க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் அங்கே வரையப்பட்டிருக்கின்றன. எட்டு மாடி உயரச் சுவரை முழுவதுமாக நிரப்பிய படம்கூட உண்டு. சுற்றிக் காட்ட வழிகாட்டிகள் இருக்கிறார்கள், அதற்குக் கட்டணமும் வாங்குகிறார்கள். ஆனால், இந்தத் திட்டம் 1984-ல் பிறந்தபோது அதன் பெயரில் கலை என்ற சொல்லே இல்லை. ‘பிலடெல்பியா கிராஃபிட்டி எதிர்ப்பு வலையமைப்பு’ என்றுதான் பெயர் வைத்தார்கள். சுவரில் கிறுக்குபவர்களை அடக்குவதற்காக மாநகர நிர்வாகம் தொடங்கிய அமைப்பு அது.

அப்படி என்னதான் கிறுக்கினார்கள்? அரசியல் முழக்கமோ வசையோ குறைவு. பெரும்பாலும் பெயர்தான். ஒரு பட்டப்பெயர், சில சமயம் அதனோடு ஒரு தெரு எண். அதே பெயர் நூறு சுவர்களில், பேருந்துகளில், ரயில் நிலையங்களில் வரும். இதை ‘டேக்’ என்பார்கள். நம் ஊரில் தேர்தலுக்கு வெகுநாள் முன்பே கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு அடித்து, கட்சிப் பெயரையும் வருடத்தையும் எழுதிச் சுவரைப் ‘பிடித்து’ வைப்பார்களே, ஏறக்குறைய அந்த மனநிலைதான். அங்கே கட்சி கிடையாது. தலைவனும் தொண்டனும் ஒரே பதினைந்து வயதுப் பையன்.

கிராஃபிட்டி என்றால் நியூயார்க் நினைவுக்கு வரும். ஆனால், இன்றைய பாணியில் பெயர் எழுதும் பழக்கத்தின் முன்னோடியாகப் பலரும் சொல்வது பிலடெல்பியாவின் டாரில் மெக்கிரேயை. சிறார் சீர்திருத்த நிலையத்தில் இருந்தபோது, பாட்டி செய்துதரும் சோள ரொட்டி வேண்டும் என்று சமையல்காரரை நச்சரித்ததால் ‘கார்ன்பிரெட்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. வெளியே வந்தபின், தனக்குப் பிடித்த பெண்ணின் கண்ணில் பட வேண்டும் என்று 1967 வாக்கில் ஊரெங்கும் அந்தப் பெயரை எழுதத் தொடங்கினார். பின்னர் ஒரு பத்திரிகை அவர் இறந்துவிட்டதாகத் தவறாகச் செய்தி போட்டது. தான் உயிரோடு இருப்பதை ஊருக்குச் சொல்ல உயிரியல் பூங்காவுக்குள் புகுந்து யானையின் மேலேயே பெயரை எழுதினேன் என்பது அவர் இன்றும் சொல்லும் கதை. அந்தப் பையன்களுக்குப் பெயர் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

1980-களில் நகரம் இதனால் சலித்துப்போயிருந்தது. வெள்ளை அடித்தால் மறுநாள் காலையில் புதுப் பெயர். 1984-ல் நகரின் முதல் கறுப்பின மேயராகப் பதவியேற்ற வில்சன் கூட், டிம் ஸ்பென்சரின் தலைமையில் எதிர்ப்பு வலையமைப்பை ஏற்படுத்தினார். இனி கிறுக்க மாட்டேன் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் வழக்கு இல்லை; பதிலுக்குச் சுவர் சுத்தம் செய்யும் வேலை. இதுதான் ஏற்பாடு. இதோடு நின்றிருந்தால், தேய்த்துக் கழுவும் இன்னொரு தண்டனைத் திட்டமாகத்தான் அது முடிந்திருக்கும்.

திசையை மாற்றியவர் ஜேன் கோல்டன். லாஸ் ஏஞ்சலீஸில் சுவரோவியம் வரைந்து பழகியவர். லூபஸ் நோயால் பாதிக்கப்பட்டுக் கிழக்குக் கடற்கரைக்குத் திரும்பியிருந்தார். வலையமைப்பில் அவருக்குக் கொடுத்த வேலை, கையெழுத்துப் போட்ட பையன்களோடு சேர்ந்து படம் வரைவது. கிராஃபிட்டி எழுதுபவர்கள் ஆளுக்கொரு நோட்டு வைத்திருப்பார்கள். சுவருக்குப் போகும் முன்பு எழுத்தின் வளைவையும் நிறக் கலவையையும் அதில் பலமுறை போட்டுப் பார்ப்பார்கள். கோல்டன் அந்த நோட்டுகளைப் புரட்டியபோது, ஓவியப் பள்ளியின் வாசலை மிதிக்காதவர்களிடம் இருந்த கைத்திறனைக் கண்டார். எழுத வேண்டிய இடத்தைக் கண்ணாலேயே அளப்பது, பெரிய பரப்பில் கோடு கோணாமல் இழுப்பது, உயரத்துக்கு அஞ்சாதது என்று சுவரோவியருக்கு வேண்டிய தகுதிகள் பலவும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. 1996-ல் ஸ்பென்சர் இறந்தபின், அப்போதைய மேயர் எட் ரெண்டெல் அமைப்பைத் திருத்தியமைத்தார். சுவரோவியப் பிரிவு கோல்டன் தலைமையில் தனித் திட்டமானது. பெயரிலிருந்து ‘எதிர்ப்பு’ உதிர்ந்தது.

வெறும் சுவர் வந்த கதை

இத்தனை சுவர்கள் அந்த ஊருக்கு எங்கிருந்து வந்தன? பிலடெல்பியா வரிசை வீடுகளின் நகரம். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர் என்று தெரு முழுக்க ஒட்டியபடி கட்டியிருப்பார்கள். 1950-ல் 20 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, ஆலைகள் மூடியதாலும் புறநகர்களுக்கு மக்கள் பெயர்ந்ததாலும் 1980-ல் 17 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. காலியான வீடுகள் பாழடைந்தன, பிறகு இடிக்கப்பட்டன. வரிசையில் ஒரு வீட்டை இடித்தால், அதுவரை யார் கண்ணிலும் படாத பொதுச் சுவர் ஜன்னலோ வாசலோ இல்லாமல் மூன்று மாடி உயரத்துக்கு மொட்டையாக வெளியே வரும். அதன்மேல் ஒரு பூச்சைப் பூசி விட்டுவிடுவார்கள். கீழே புல் மண்டிய காலி மனை. ஸ்ப்ரே டப்பா வைத்திருப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகவே, கிராஃபிட்டி அங்கே நோயின் பெயர் அல்ல, அறிகுறிகளில் ஒன்று. வீடு போனது, வேலை போனது, கடைசியில் சுவர் மிஞ்சியது. இதைச் சொல்லாமல் சுவரோவியத்தின் வெற்றியை மட்டும் பேசினால், வர்ணம் அடித்ததும் ஊர் திருந்திவிட்டது என்பதுபோல் ஆகிவிடும்.

எப்படி வேலை செய்கிறது?

படம் இருக்கும் சுவரில் ஏன் கிறுக்குவதில்லை? முதல் காரணம், எழுதுபவர்களுக்குள் இருக்கும் எழுதாத சட்டம். மற்றவருடைய எழுத்தின் மேல் எழுதுவது சண்டைக்கு இழுப்பதற்குச் சமம். தன்னைவிட உழைத்துச் செய்த வேலையின் மேல் கைவைத்தால் தன் கூட்டத்திலேயே மதிப்புப் போகும். அதிலும், அந்தப் படத்தை வரைந்தவர்களில் இரண்டு பேர் பழைய கூட்டாளிகள் என்றால், தொடுவதற்கு இன்னும் தயங்குவான்.

இரண்டாவது காரணம் எளிமையானது. வெளிறிய ஒற்றை நிறப் பரப்பில் கறுப்பு எழுத்து தெருக்கோடியிலிருந்தே தெரியும். பல நிறங்கள் குழைந்த படத்தில் அது மங்கிப்போகும். பெயர் தெரியாவிட்டால் எழுதி என்ன பயன்? நியூயார்க் சுரங்க ரயில் நிர்வாகம் இதே தருக்கத்தை வேறு விதமாகப் பயன்படுத்தியது. 1984-ல் தொடங்கி, சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி கிறுக்கினால் அதைத் துடைக்கும்வரை தண்டவாளத்தில் ஏற்றவே மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தது. இரவெல்லாம் எழுதியதைப் பகலில் பார்க்க ஆளில்லை. 1989 மே மாதம் கிறுக்கிய கடைசி ரயிலும் ஓட்டத்திலிருந்து நீங்கியது.

மூன்றாவது, தெருக்காரர்களின் கண். இதற்குத்தான் பிலடெல்பியாவில் அதிக நேரம் செலவாகிறது. ஒரு சுவரோவியத்துக்கு முதலில் சுவரின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். சுவரில் ஈரம் இறங்குகிறதா, பூச்சு உதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பகுதி மக்களோடு கூட்டங்கள். கலைஞர் கொண்டுவரும் மாதிரிப் படத்தைப் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பும் உரிமை அவர்களுக்கு உண்டு. படிப்பதற்கு அலுப்பாக இருக்கும் இந்தக் கட்டம்தான் திட்டத்தின் முதுகெலும்பு என்று நான் நினைக்கிறேன்.

வரைவதிலும் ஒரு உத்தி இருக்கிறது. ‘பாராசூட் துணி’ என்று அவர்கள் அழைக்கும் மெல்லிய செயற்கைத் துணியைச் சதுரங்களாக வெட்டி, அதில் படத்தின் கோடுகளையும் எந்த இடத்துக்கு எந்த நிறம் என்ற எண்களையும் போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில், முதியோர் மையத்தில், சிறைச்சாலையில் என்று எங்கே வேண்டுமானாலும் அந்தத் துணியை விரித்து யாரும் நிறம் தீட்டலாம். பிறகு கலைஞர்கள் சாரம் ஏறி, அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டி, விளிம்புகளைத் தூரிகையால் இணைத்து, மேலே பாதுகாப்புப் பூச்சு கொடுப்பார்கள். கிரேட்டர்ஃபோர்டு சிறையின் கைதிகளும் குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களும் சேர்ந்து உருவாக்கிய ‘குணமாக்கும் சுவர்கள்’ இப்படித்தான் வந்தது. சாரத்தில் ஏற முடியாத பாட்டியும் சிறையை விட்டு வெளியே வர முடியாதவரும் அந்தச் சுவரில் ஒரு மூலையைத் தன்னுடையது என்று சொல்லலாம். அப்படிச் சொல்ல முப்பது பேர் இருக்கும் தெருவில் ஸ்ப்ரே டப்பாவோடு நிற்பது சிரமம்.

சுத்தமான சுவர் சுற்றுப்புறத்தையும் மாற்றுமா? நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்து 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். சைக்கிள் நிறுத்தும் ஒரு சந்தில், ஒவ்வொரு சைக்கிளின் கைப்பிடியிலும் ஒரு துண்டு விளம்பரத்தை மாட்டிவைத்தார்கள். பக்கத்தில் குப்பைத் தொட்டி கிடையாது. சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் காகிதத்தைக் கீழே போட்டார்கள். அதே சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம். சுவரில் எழுதாதே என்ற அறிவிப்புப் பலகை இரண்டு முறையும் அங்கேயே இருந்தது. இந்தச் சோதனை சுத்தமான சுவருக்கும் கிறுக்கிய சுவருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறதே தவிர, படம் வரைந்த சுவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வெள்ளை அடித்து அப்படியே காப்பாற்ற முடிந்தாலும் இதே பலன் கிடைக்கலாம். காப்பாற்றுவது யார் என்பதுதான் கேள்வி.

சறுக்கிய இடங்கள்

படம் இருந்தாலே பாதுகாப்பு என்பதற்கு மறுப்பும் அதே நகரில் இருக்கிறது. 1970-களில் மேயராக இருந்த பிராங்க் ரிசோவின் பெரிய உருவப்படம் 1995-ல் இத்தாலியச் சந்தைப் பகுதியில் வரையப்பட்டது. இத்தாலிய வம்சாவளியினரில் பலருக்கு அவர் தங்கள் வீட்டுப் பிள்ளை. கறுப்பின மக்களில் பலருக்கோ அவர் காவல்துறை ஆணையராக இருந்த காலத்துக் கெடுபிடிகளின் முகம். அந்தப் படத்தின்மேல் வர்ணம் வீசுவதும் எழுதுவதும் அடிக்கடி நடந்தது, திட்டத்தினரும் சளைக்காமல் சரிசெய்தார்கள். ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பிந்தைய போராட்டங்களின்போது, இனி இதைப் பழுது பார்க்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். 2020 ஜூனில் அது பூசி அழிக்கப்பட்டது. ஒரு தெருவின் சம்மதம் நகரத்தின் சம்மதம் ஆகிவிடாது.

எதிர்த்திசையில் ஓர் உதாரணம், ஸ்டீவ் பவர்ஸ். மேற்கு பிலடெல்பியாவில் வளர்ந்து ‘எஸ்போ’ என்ற பெயரில் சுவர்களில் எழுதியவர். 2009-ல் தன் பழைய பகுதிக்கே திரும்பிவந்து, மேம்பால ரயில் பாதையை ஒட்டிய 50 சுவர்களில் ஒரு காதல் கடிதத்தைத் துண்டு துண்டாக எழுதினார். ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே படித்துக்கொண்டே போகலாம். ஒரு காலத்தில் கைதுக்குரியதாக இருந்த அதே கைவேலை, அதே உயரம். இந்த முறை அனுமதியும் சம்பளமும் இருந்தன.

திட்டத்தின் மீது புகார்களும் உண்டு. தெருவில் தானாக முளைத்த ஒரு கலையை அடக்கி, அதிகாரம் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பது கிராஃபிட்டிக்காரர்கள் சிலரின் வருத்தம். இன்னொரு சிக்கலை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊர் மெல்ல மீண்டதும் காலி மனைகளுக்கு விலை ஏறியது. அங்கே புது வீடு எழுந்தால் பக்கத்துச் சுவரின் ஓவியம் செங்கலுக்குப் பின்னால் போய்விடும். வீடு இடிந்ததால் கிடைத்த சுவர், வீடு கட்டினால் போவதைத் தடுக்க வழியில்லை.

செலவையும் மறக்க வேண்டாம். வெயிலில் நிறம் வெளுக்கும், பூச்சு விரியும், சில பத்தாண்டுகளில் புதுப்பிக்க வேண்டியிருக்கும். 4,000 படம் வரைந்த பிறகும் பிலடெல்பியா நகர நிர்வாகம் கிறுக்கல் அகற்றும் தனிக் குழுவை வைத்திருக்கிறது. தனியார் கட்டடமானாலும் இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறது. படம் இருக்கும் சுவரை விட்டுவிட்டுப் பையன்கள் அடுத்த சுவருக்குப் போவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் பக்கத்திலும் இந்த வழி புதிதல்ல. சென்னையில் 2009-ல் அண்ணா சாலை, காமராஜர் சாலையில் சுவரொட்டிகளுக்கு மாநகராட்சி தடைவிதித்தது. அண்ணா சாலைச் சுவர்களில் கோயில், நடனம், கிராமியக் காட்சிகள் என்று வரைய வைத்தது. பொது இடங்களின் அழகைக் கெடுப்பதற்கு எதிரான சட்டம் இங்கே 1959 முதலே இருக்கிறது. சட்டத்தால் ஆகாததைப் படம் செய்யட்டும் என்ற எண்ணம். பிறகு 2020-ல், நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்தும் சுனாமிக்குப் பின்பும் இடம் மாற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் கண்ணகி நகரில், குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தன. முதலாவது ஒப்பந்தப் பணி போன்றது. சாலையில் போகிறவர்களுக்கு அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்ததில் பங்கில்லை. இரண்டாவதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் குடியிருக்கிறார்கள். எது நீடிக்கும் என்று கேட்டால் என் பந்தயம் இரண்டாவதன் மேல்தான்.

உங்கள் தெருச் சுவரில் படம் வரைய நகராட்சியோ தொண்டு நிறுவனமோ வந்தால் மூன்று கேள்விகள் கேட்டு வையுங்கள். என்ன படம் என்று முடிவெடுப்பது யார்? தெருப் பிள்ளைகளுக்குத் தூரிகை கிடைக்குமா? ஐந்து வருடம் கழித்து வெளுக்கும்போது யாருக்கு போன் செய்ய வேண்டும்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் வெள்ளை அடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். செலவாவது மிச்சமாகும்.