லண்டனுக்கு 11 மணி நேரம். பனியன் பெட்டி போய்ச் சேர எத்தனை நாள்?
கம்பெனிகளின் கையைக் கடிக்கும் "ஏர்" கணக்கு!

திருப்பூர்:-

சென்னையிலிருந்து லண்டன் வான்வழியில் சுமார் 8 ஆயிரத்து 200 கிலோமீட்டர். நேராகப் பறக்கும் விமானத்துக்கு 10 முதல் 11 மணி நேரம் ஆகும். மேற்கே போகும்போது எதிர்க்காற்று. அதனால் வருவதை விடப் போவதற்குத்தான் நேரம் அதிகம்.

ஆனால் கடிகாரம் வேடிக்கை காட்டும். குளிர் காலத்தில் லண்டன் நேரம் நம்மை விட 5½ மணி நேரம் பின்னால். காலை 6 மணிக்குச் சென்னையில் கிளம்பி 11 மணி நேரம் பறந்தாலும், லண்டனில் இறங்கும்போது அங்கே பகல் 11.30 தான்!

"அப்போ பனியனும் ஒரே நாளில் போயிடுமே?" என்று கேட்கலாம். அதுதான் இல்லை.

லாரியில் தொடங்கும் பயணம்

கோவை பீளமேட்டில் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கிருந்து ஐரோப்பாவுக்கு நேர் விமானம் கிடையாது. பெட்டிகள் சென்னை போவதென்றால் சுமார் 450 கிலோமீட்டர் லாரியில் போக வேண்டும். பிறகு சுங்கச் சோதனை, எக்ஸ்ரே சோதனை, விமானத்தில் இடம் கிடைக்கும்வரை காத்திருப்பு. பறப்பது 11 மணி நேரம். கைமாறுவது பல நாள்.

எடை போடுவதிலும் சூட்சுமம் உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6 ஆயிரத்தால் வகுப்பார்கள். 60, 40, 40 அளவுள்ள பெட்டிக்கு 16 கிலோ கணக்கு. தராசில் 12 கிலோ இருந்தாலும் 16 கிலோவுக்குத்தான் கட்டணம். புசுபுசுவென்ற குளிர் கால உடுப்புகளுக்கு இதுதான் வினை.

கடல் வழியில் வந்த வம்பு

இதனால் பெரும்பாலான சரக்கு தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் வழியாகத்தான் போகிறது. அங்கிருந்து கொழும்பு, அங்கே பெரிய கப்பலுக்கு மாற்றம். 1869-ல் திறந்த சூயஸ் கால்வாய் இந்தியா-ஐரோப்பா தூரத்தில் சுமார் 7 ஆயிரம் கிலோமீட்டரைக் குறைத்தது. அந்த வழியில் கிட்டத்தட்ட ஒரு மாதப் பயணம்.

2021 மார்ச்சில் "எவர் கிவன்" கப்பல் குறுக்கே மாட்டி, கால்வாய் 6 நாள் அடைபட்டது. 2023 கடைசியில் செங்கடலில் ஹவுதிப் படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். பல கப்பல்கள் வாஸ்கோடகாமா வந்த நன்னம்பிக்கை முனை வழியே ஆப்பிரிக்காவைச் சுற்றின. கூடுதலாக 10 முதல் 14 நாள்!

தாமதம் யார் தலையில்?

கப்பலில் ஏற்றிக் கொடுப்பதோடு கம்பெனியின் பொறுப்பு முடிகிறது. கப்பல் வாடகை வாங்குபவருடையது. இதுதான் பெரும்பாலான ஆர்டர்களில் வழக்கம். ஆனால் சாயத்திலோ தையலிலோ நாள் தவறினால் கதை வேறு. "ஏர்ல அனுப்பு, இல்லே விலையைக் குறை" என்பார் பையர். அந்தச் செலவு கம்பெனி தலையில். ஆர்டரில் நின்ற லாபம் ஆகாயத்தில் பறந்துவிடும்!

வழி நீண்டால் சரக்கை இரண்டு வாரம் முன்னதாகவே முடித்தாக வேண்டும். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றினால், இங்கே கட்டிங் மேஜையிலும் பவர் டேபிளிலும் நைட் ஷிப்ட் ஓடுகிறது.